குண்டலிகாவில் கயாக்: நீச்சல் தெரிந்தால் போதுமா?

3 செப்டம்பர் 2024, இரவு

கொங்கணத்துக் குண்டலிகா ஆற்றில் நாங்கள் கயாக் (ஒருவர் துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகிய, மேல்மூடிய படகு) ஓட்டுவது பற்றி மும்பை முலுண்டிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "குறுக்குத்துறையில் குதித்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கயாக் எல்லாம் ஒரு வேலையா? அதுவும் குண்டலிகா, அணையிலிருந்து திறந்துவிடுகிற தண்ணீர், வாய்க்கால் மாதிரி. நீச்சல் தெரிந்தவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தானாகப் போகும். இதற்கு எதற்கு நீச்சல் குளத்தில் வாரக்கணக்கில் பயிற்சி?"

அண்ணே, தாமிரபரணியில் நீங்கள் நீந்தியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீந்துகிறவருக்குக் கையும் காலும் வெளியே இருக்கின்றன. கயாக்கில் இடுப்புக்குக் கீழே எல்லாம் படகுக்குள் செருகியிருக்கும். முழங்கால் மேல்பலகையில் முட்டி நிற்கும். உட்காரும் வாயைச் சுற்றி ரப்பர் துணிப் பாவாடை ஒன்றை இழுத்து மாட்டி மூடியிருப்பீர்கள். படகு கவிழ்ந்தால் தலை கீழே, காற்று மேலே, இரண்டுக்கும் நடுவில் உங்கள் படகு. அந்த முதல் சில நொடிகளில் நீச்சலுக்கு எந்த வேலையும் இல்லை. குனிந்து முகத்தைப் படகோடு ஒட்ட வேண்டும், பாவாடையின் முன்பக்க வளையத்தைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளி மேலே இழுக்க வேண்டும், பிறகு கையை ஊன்றி இடுப்பை வெளியே உருவ வேண்டும். இதற்குக் குளத்துப் பயிற்சி ஒன்றுதான் வழி.

நன்றாக நீந்துகிறவர்களிடம் நான் பார்த்த ஆபத்து வேறொன்று. வெளியே வந்ததும் காலை ஊன்றி எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் நிற்கவே கூடாது. பாறைச் சந்தில் பாதம் மாட்டினால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னால் மடக்கிவிடும். இடுப்பளவு ஆழத்திலேயே ஆட்கள் மூழ்கிப்போவது இப்படித்தான்.

4 செப்டம்பர்

"கிரேடு மூன்றுதானே, ஏன் இவ்வளவு பயமுறுத்தல்?" என்று இன்னொருவர்.

ஓட்டம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடு ஒன்று முதல் ஆறு வரை போகிறது. மூன்றாம் கிரேடு என்றால் அலைகள் ஒழுங்கில்லாமல் வரும், நடுவில் படகைத் திருப்பியே ஆக வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் ராஃப்டில் (காற்றடைத்த ரப்பர் படகு) பின்னால் வழிகாட்டி இருக்கிறார், திருப்புவது அவர் பொறுப்பு. கயாக்கில் வழிகாட்டியும் நீங்கள், பயணியும் நீங்கள். ஒரே ரேப்பிட் (பாறைகளுக்கு ஊடே ஆறு வேகமாகப் பாயும் இடம்), ஒரே தண்ணீர், ஆனால் இரண்டு வேறு காரியங்கள். ராஃப்டில் போய்வந்துவிட்டு "குண்டலிகா பார்த்தாச்சு" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

8 செப்டம்பர், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்

கீழே எங்கேயோ டோல் மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், தூக்கம் வரவில்லை. சரி, ஆற்றைப் படிப்பது பற்றி எழுதுகிறேன், டோம்பிவிலித் தம்பி இரண்டு முறை கேட்டுவிட்டான்.

ஆற்றில் ஒரு பெரிய பாறை நிற்கிறது. தண்ணீர் அதன் இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. பாறைக்குப் பின்னால் என்ன நடக்கும்? அங்கே ஒரு பள்ளம் மாதிரி ஏற்பட, அதை நிரப்ப ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வரும். அந்த இடத்தை எடி என்கிறோம். கயாக்கில் நமக்கு மூச்சு விடக் கிடைப்பது அங்கேதான். ஒரு எடியிலிருந்து இறங்கி அடுத்த எடிக்குள் ஒதுங்குவது, அங்கே நின்று கீழே பார்ப்பது, பிறகு அடுத்தது. இப்படித்தான் ஒரு ரேப்பிடைத் துண்டு துண்டாக இறங்குகிறோம். மேலிருந்து ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வருவது யூடியூபில் பார்க்க நன்றாயிருக்கும்.

கவிழ்வது பெரும்பாலும் எடிக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டில். இந்தப் பக்கம் நீர் மேலே போகிறது, அந்தப் பக்கம் கீழே. படகின் மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டியதும், நீர் போகிற திசைக்கே உடம்பைச் சாய்த்து, ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பைத் தூக்க வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டம் அந்த விளிம்பைப் பிடித்து ஒரே புரட்டு. நகர ஆரம்பித்த லோக்கல் ரயிலில் ஏறுகிறவர் அது போகிற பக்கமே சாய்ந்து ஓடித்தானே ஏறுகிறார், பின்னால் சாய்ந்தால் என்ன ஆகும்? (யாரும் அப்படி ஏற வேண்டாம். புரிவதற்காகச் சொன்னேன்.)

11 செப்டம்பர்

நெருல் தோழி கேட்கிறாள்: "ரோல் வராதவங்க ஆத்துல இறங்கலாமாடி?"

ரோல் என்பது கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வராமல், துடுப்பை வீசி, இடுப்பை வெடுக்கெனத் திருப்பி அப்படியே புரண்டு நிமிர்வது. கடைசியில்தான் தலை வர வேண்டும். தலையை முதலில் தூக்கினால் திரும்பக் கவிழும். எல்லாரும் முதலில் தலையைத்தான் தூக்குவார்கள், காற்று வேண்டுமே.

சில வருடங்களுக்கு முன் யாராவது கேட்டிருந்தால் "ரோல் வந்தபிறகு வா" என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. குளத்தில் ஒழுங்காக ரோல் போடுகிறவர்கள் ஆற்றில் முதல்முறை கவிழும்போது அது வராமல் போவது சாதாரணம். குளத்தில் கவிழ்வதை நாமே தீர்மானிக்கிறோம், மூச்சை இழுத்துக்கொண்டு கவிழ்கிறோம். ஆற்றில் அது கேட்டுக்கொண்டு வராது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் படகிலிருந்து வெளியே வருவது, அதைப் பதறாமல் செய்கிற அளவுக்கு. இரண்டாவது, ஓட்டத்தில் மல்லாந்து மிதப்பது, காலை மேலே தூக்கிக் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டு. மூன்றாவது, கயிற்றைப் பிடிப்பது, எறிவது. ரோல் இதற்கெல்லாம் பிறகு. அது தெரிந்தால் சுகம், தெரியாவிட்டாலும் சரியான தண்ணீரில், சரியான ஆட்களோடு இறங்கலாம். வா.

12 செப்டம்பர்

மேலே எழுதியதில் "சரியான ஆட்கள்" என்பதை விரித்துச் சொல்ல வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயம். என் கணக்கில் குறைந்தது மூன்று படகு, அதில் ஒருவராவது மற்றவர்களை ஆற்றிலிருந்து எடுக்கத் தெரிந்தவர், அந்த ஆற்றை அந்தப் பருவத்தில் ஓட்டியவர். தனியாக ஒருவர் போய்விட்டு வீடியோ போடுவதை நான் ரசிப்பதில்லை. லைக் போடுவதில்லை, இனியும் போட மாட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

இந்த வாரம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: பிள்ளையார் கரைக்கும்வரை கோவா நெடுஞ்சாலையில் கொங்கணமே ஊருக்குப் போய்வந்துகொண்டிருக்கும். செம்பூரிலிருந்து பன்வேல், பேண், வட்கல், நாகோத்தணே வழியாகக் குண்டலிகாக் கரையிலுள்ள கோலாடு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் விடியுமுன் கிளம்பினால் டீ குடித்துவிட்டுக்கூடப் போய்ச் சேரலாம். சதுர்த்தி சமயத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. அனந்த சதுர்தசி 17-ஆம் தேதி. 21, 22 என்று வைத்திருக்கிறோம்.

ஜூலையில் ஏன் போகவில்லை என்றும் கேள்வி. தாமினிக் கணவாய்ப் பக்கம் ஜூலையில் கொட்டுகிற மழையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அணைநீரோடு ஓடைநீரும் சேர்ந்து, நமக்குத் தெரிந்த எடிகள் எல்லாம் மூழ்கிப்போகும். கரையோர மரக்கிளைகள் நீர்மட்டத்துக்கு வந்துவிடும். தண்ணீர் கிளைகளுக்கு ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. கயாக்கில் எனக்கு மிகப் பெரிய பயம் அலை அல்ல, ஓட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரம்தான். கங்கையில் ரிஷிகேஷ் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கையே நிறுத்திவைக்கிறார்கள். குண்டலிகாவில் மழைக்காலத்திலும் நடக்கிறது, அதனாலேயே "இது லேசான ஆறு" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கற்றவர்கள் ஜூலையில் போகட்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு மழை குறைந்த பிறகுதான்.

20 செப்டம்பர், இரவு

நாளை விடியுமுன் கிளம்புகிறோம். நாலு பேர்: நான், நெருல் தோழி, டோம்பிவிலித் தம்பி, தாராவி நண்பர். ஆற்றோரக் கிராமத்து வழிகாட்டி ஒருவர் அங்கே சேர்ந்துகொள்வார், அவர் இல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை.

பையில் கடைசியாகப் பார்த்தது: எறிகயிறு ஈரமில்லாமல், முடிச்சில்லாமல் பைக்குள் திணித்திருக்கிறதா. விசில். ஜாக்கெட்டின் தோள்பட்டையை மற்றவர் பிடித்து மேலே தூக்கினால் தாடைக்கு மேல் ஏறக் கூடாது, ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

நாளை புரட்டாசியின் முதல் சனி. இருவருக்கு மீன் கிடையாது. கோலாடு போய் மீன் சாப்பிடாமல் வருவது ஒரு விரதம்தான் என்கிறார் தாராவி நண்பர்.

22 செப்டம்பர், இரவு, வீடு வந்து குளித்த பிறகு

கை தூக்க முடியவில்லை, இருந்தாலும் மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை முழுக்கக் கீழே அமைதியான பகுதியில்தான். வெளியே வருவது, மிதப்பது, கயிறு. தம்பி எரிச்சலாகிவிட்டான், "அக்கா, இதெல்லாம் குளத்துலயே பண்ணியாச்சுல்ல?" என்று. வழிகாட்டி அவனைப் படகிலிருந்து இறக்கி, ஓட்டத்தில் சும்மா மிதந்து போகச் சொன்னார். பத்தடி போவதற்குள் தம்பி காலை ஊன்றப் பார்த்தான். "பாய் வர், பாய் வர்" என்று கரையிலிருந்து கத்தல், காலைத் தூக்கு என்று. அதன்பிறகு தம்பி பேசவில்லை. மதியம் பிட்லாவும் பாக்கரியும் சாப்பிட்டோம், புரட்டாசிக்கும் பழுதில்லை.

ஞாயிறு காலை ஆற்றங்கரையில் நின்றால் ஆறே இல்லை. பாறையும் நடுநடுவே தேங்கிய தண்ணீரும். முதல்முறை வந்தவர்கள் முகம் வாடும். பீரா மின்நிலையத்திலிருந்து நீர் விட்டபிறகுதான் ஆறு வரும். வழிகாட்டி ஒரு குச்சியைக் கரையில் நட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் குச்சியின் அடி நனைந்தது, பிறகு குச்சி நடுங்க ஆரம்பித்தது, பிறகு குச்சியைக் காணோம். சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நேரத்தில் வயிற்றில் ஏதோ செய்யும். மட்டம் ஏறுவது நின்று நிலைக்கும்வரை காத்திருந்துதான் இறங்கினோம்.

இறங்குமுன் ஒருவர் இன்னொருவரின் பாவாடை வளையத்தைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். தாராவி நண்பருடையது உள்ளே மடங்கிக் கிடந்தது. தலைகீழாகத் தொங்கும்போது பிடிக்க ஒன்றுமே இருந்திருக்காது. கண்டுபிடித்தது நெருல் தோழி. அவளுக்கு இதுதான் முதல் ஆறு. விதிப்படி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததால் அகப்பட்டது, பழகிய எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

முதல் சில அலைகள் சுகமானவை. மூக்கு மேலே ஏறி, மடியில் தண்ணீர் அடித்து, இறங்கும். அடுத்ததில் இடதுபக்க எடிக்குள் எல்லாரும் ஒதுங்கினோம். அங்கிருந்து வெளியேறும்போது தம்பி எதிர்ப்பக்கம் சாய்ந்தான். கோட்டின் மேலேயே புரட்டிப்போட்டது. படகின் வயிறு மட்டும் ஆரஞ்சாகத் தெரிகிறது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். தலை வெளியே வந்தது. துடுப்பை விடவில்லை, காலைத் தூக்கியிருந்தான்! சனிக்கிழமை எரிச்சல்பட்டவன்தான்.

தாராவி நண்பர் கீழே பாறையில் கயிற்றுப் பையோடு ஏற்கெனவே ஏறி நின்றிருந்தார். ஒரு ரேப்பிடுக்கு ஒருவர் முன்னால் இறங்கிக் கீழே நிற்பது எங்கள் ஏற்பாடு. "கயிறு!" என்று கத்தி, தம்பி திரும்பிப் பார்த்தபிறகே எறிந்தார். பை தம்பியின் தலைக்கு மேலே போய் விழ, கயிறு நெஞ்சின் குறுக்கே படிந்தது. பையைப் பிடிக்கக் கூடாது, கயிற்றைப் பிடிக்க வேண்டும். கையில் சுற்றவே கூடாது, ஆபத்தென்றால் விட முடியாது. கயிற்றைத் தோள்மேல் போட்டு மல்லாந்து கிடந்தால், ஓட்டமே ஊசல் போல் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சேர்த்தது. கரையில் உட்கார்ந்து தம்பி முதலில் கேட்டது, "என் செருப்பு?"

என் முறை அதற்கடுத்தது. குறுகலான இடம், நடுவில் ஒரு பாறை. நான் எண்ணியதைவிட ஓட்டம் பக்கவாட்டில் தள்ளியது. படகின் விலா பாறையில் போய் ஒட்டியது. இந்த இடத்தில் உடம்பு சொல்வதைக் கேட்கக் கூடாது. உடம்பு பாறையைவிட்டு விலகிச் சாயச் சொல்லும். அப்படிச் சாய்ந்தால் ஓட்டம் மேல்விளிம்பில் ஏறிப் படகை நிரப்பிப் பாறையோடு மடக்கிவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். நெஞ்சைப் பாறையில் வைத்து அழுத்திக்கொண்டு, கையால் அங்குலம் அங்குலமாக முன்னால் இழுத்தேன். முகத்துக்கு நேரே பாசி, ஒரு சின்ன நண்டு. பிறகு மூக்கு விடுபட்டது, ஆறு எடுத்துக்கொண்டது. கீழே எடியில் நின்றபோது துடுப்பு கையில் ஆடிக்கொண்டிருந்தது. அழுகையும் வந்தது, அது பயத்தில் மட்டும் வந்ததல்ல.

தோழி அந்த ரேப்பிடைக் கரையில் இறங்கிப் பார்த்தாள், வெகுநேரம். "நான் நடந்து வர்றேன்" என்றாள். வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாமல் தன் படகைக் கட்டிப்போட்டுவிட்டு அவளுடைய கயாக்கின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டார். மூங்கில் புதர் வழியாகச் சுற்றிக் கீழே வந்து மறுபடி இறங்கினார்கள். மீதி ஆற்றை அவள் அழகாக ஓட்டினாள்.

23 செப்டம்பர்

"காசைக் கட்டிவிட்டு நடந்து போவதற்கு எதற்குக் கயாக்?" என்று கீழே ஒருவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

கரையில் இறங்கிப் பார்ப்பதும், பார்த்துவிட்டு நடப்பதும் இந்த விளையாட்டின் பாதி. உலகத்தில் மிகப் பெரிய ஆறுகளை ஓட்டுகிறவர்களும் படகைத் தோளில் போட்டு நடக்கிறார்கள். "என்னால் இதை ஓட்ட முடியும்" என்று சொல்ல ஓட்டத்தைப் படித்திருக்க வேண்டும். "இன்று வேண்டாம்" என்று சொல்லவும் அதே படிப்பு வேண்டும், கூடவே மற்ற மூவர் பார்க்கையில் சொல்கிற தைரியமும். நண்பர்களோடு போகும்போது ஆபத்து வருவது இங்கேதான். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, சும்மா சிரிப்பார்கள், அது போதும், இறங்கிவிடுவோம். எங்கள் குழுவில் ஒரு விதி: நடக்கிறவரிடம் காரணம் கேட்பதில்லை. அன்றும் கேட்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில்கூட.

24 செப்டம்பர்

முலுண்ட் அண்ணனுக்கு இன்னொரு குறிப்பு. முதல் நாள் எழுதியதில் அவர் பக்கம் நியாயமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது, தம்பியைப் பார்த்தபிறகு தோன்றுகிறது.

தம்பி பவானிக்காரன், கூடுதுறைப் பக்கம் வளர்ந்தவன். மூக்கில் தண்ணீர் ஏறினால் அவன் பதறுவதில்லை. தலைகீழாகக் கிடந்த அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "வளையம் எங்கன்னு தேடினேன் அக்கா, வேற ஒண்ணும் தோணல" என்றான். நகரத்தில் வளர்ந்து நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்தியவர்கள் பலருக்கு இருட்டுத் தண்ணீரில் அந்த நிதானம் வர மாதங்கள் ஆகும். எனவே ஆற்றில் வளர்ந்தவருக்கு ஒரு கைமுதல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். படகிலிருந்து வெளியே வரும்வரை அது உதவும். வெளியே வந்தபிறகு எழுந்து நிற்கச் சொல்லி இழுப்பதும் அதே பழக்கம்தான். அண்ணே, நீங்கள் வந்தால் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியது குறைவு, மறக்கவைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

26 செப்டம்பர், மழை, ஆபீஸ் போகவில்லை

"வாய்க்கால்" என்ற வார்த்தைக்கு வருகிறேன், அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குண்டலிகாவில் நாங்கள் ஓட்டுகிற தண்ணீரில் பெரும்பங்கு குண்டலிகாவினுடையதே அல்ல. மலைக்கு அந்தப் பக்கம், புணே மாவட்டத்தில் முளா நதியின் குறுக்கே முள்ஷி அணை. முளா கிழக்கே ஓடுகிற நதி. புணேயில் முட்டாவோடு சேர்ந்து, பீமாவில் கலந்து, கிருஷ்ணையாகி, ஆந்திராவில் வங்கக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். அதைச் சுரங்கத்திலும் குழாயிலும் மேற்கே திருப்பி, சுமார் 500 மீட்டர் கீழே பீராவில் விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். டாடா நிறுவனத்தின் பீரா மின்நிலையம் 1927-இல் வந்தது. அங்கிருந்து வெளியேறும் நீர் குண்டலிகா வழியாகக் கோலாடு, ரோஹா தாண்டி, ரேவ்தண்டா அருகே அரபிக்கடலில் சேர்கிறது. மகாராஷ்டிரத்தில் இது ஒன்று மட்டுமல்ல, கோய்னா அணை நீரும் இப்படித்தான் மேற்கே சிப்ளூண் பக்கம் வாசிஷ்டி ஆற்றில் இறங்குகிறது.

மதுரைக்காரர்கள் இதைப் படித்ததும் முல்லைப் பெரியாறு என்பார்கள். சரிதான், திசை மட்டும் நேர் எதிர். 1895-இல் பென்னிகுவிக் மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பினார், வயலுக்காக. இங்கே கிழக்கே போன நீரை மேற்கே திருப்பினார்கள், பம்பாயின் மின்சாரத்துக்காக.

அந்த அணைக்காக மாவள் பகுதி விவசாயிகளின் நிலம் மூழ்கியது. 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் முள்ஷி சத்தியாகிரகம் தொடங்கி 1924 வரை நடந்தது. அணைகளுக்கு எதிராக இந்தியாவில் நடந்த முதல் பெரும் போராட்டங்களில் ஒன்று. அணை எழுந்தது, நிலம் போனது. என் தாத்தா காலத்தில் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பிழைக்க வந்த நம்மவர்கள் வேலை பார்த்த பம்பாய் அந்த மின்சாரத்தில் ஓடிய பம்பாய். கரையில் குச்சி நட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷத்துக்கு யாரோ நிலம் கொடுத்திருக்கிறார்கள், கேட்காமலே வாங்கப்பட்ட நிலம். அதற்காகப் போகாமல் இருப்பதா என்று தோழி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. போகிறோம், ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் கூட்டிப்போகிறேன்.

29 செப்டம்பர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராஃப்ட் முடியுமிடத்தோடு ஏன் நிறுத்துகிறீர்கள், கோலாடு வரை ஓட்டலாமே?"

வேண்டாம். கோலாடு பக்கம் டோல்வஹால் தடுப்பணை இருக்கிறது. தடுப்பணையைத் தண்ணீர் வழிந்து விழும் சின்ன படி என்று நினைக்கிறார்கள். இயற்கையான ரேப்பிடில் நீர் சுழல்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வாசல் இருக்கும். தடுப்பணையில் கரை முதல் கரை வரை ஒரே மாதிரி விழுவதால், அடியில் சுழலும் நீர் ஆளைத் திரும்பத் திரும்பச் சுவருக்கே இழுத்து வரும், வெளியேறும் வாசல் இல்லை. நுரையில் காற்று கலந்திருப்பதால் ஜாக்கெட்டும் ஒழுங்காக மிதக்கவைக்காது. மேலிருந்து வரும்போது அது ஒரு நேர்கோடாக மட்டும் தெரியும், சத்தமும் அதிகம் இருக்காது. ஆற்றின் குறுக்கே நேர்கோடு தெரிந்தால் அது எந்த ஆறானாலும் கரைக்குப் போய்விடுங்கள். நம் ஊர்க் காவிரி, பாலாறு, தாமிரபரணி அணைக்கட்டுகளில் குளிக்கிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். யாராவது இதை அப்படியே எடுத்து உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நல்லது.

2 அக்டோபர்

சின்ன விஷயம், ஆனால் அவசியம். மழைக்காலத் தண்ணீரில் சிராய்ப்போடு கிடந்துவிட்டு வந்தபின் சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் ஆற்றில் இறங்கியதை முதலில் சொல்லுங்கள். கொங்கணத்திலும் மும்பையிலும் எலிக்காய்ச்சல் இருக்கிறது. ஆரம்பத்திலேயே பார்த்தால் மருந்துக்குக் கட்டுப்படும். தம்பிக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு, தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றுமில்லை.

6 அக்டோபர்

கோடையில் போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம். நீர் மின்நிலையத்திலிருந்து வருவதால் ஏப்ரலிலும் ஆறு ஓடும், குண்டலிகாவின் வரமே அதுதான். ஆனால் வெயிலை லேசாக எடுக்காதீர்கள். 2017 மார்ச் கடைசியில் பீராவில் 46.5 டிகிரி பதிவானது. ஹெல்மெட், ஜாக்கெட், ரப்பர் பாவாடை எல்லாம் மாட்டிக்கொண்டு கரையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் மயக்கம் வரும்.

பதினான்கு வயது மகனை அழைத்துவரலாமா என்று ஒரு தாய். ராஃப்டில், மழை ஓய்ந்த பிறகு, அளவான ஜாக்கெட்டோடு என்றால் சரி. கயாக்கில் முதலில் குளம், பிறகு அணைக்கு மேலே தேங்கிய நீர், பிறகு பார்க்கலாம். பையன் கற்றுக்கொள்வான், பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கற்கிறார்கள். அவனை அவசரப்படுத்தாத பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

13 அக்டோபர், தசராவுக்கு மறுநாள்

தம்பி பழைய கயாக் ஒன்று வாங்கப்போகிறானாம். புகைப்படம் அனுப்பியிருக்கிறான், விலை மலிவாக இருக்கிறது, அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இவை பிளாஸ்டிக்கில் வார்த்தவை. வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்திருந்தால் நிறம் வெளிறி, பிளாஸ்டிக் மொரமொரத்துப்போகும். கீறல் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. வெடிப்பைத்தான் பார்க்க வேண்டும், முக்கியமாக இருக்கைக்கு நேர் கீழே. கவிழ்த்துப் போட்டு, உள்ளே டார்ச் அடித்து வெளியே வெளிச்சம் கசிகிறதா பார். பாதம் ஊன்றும் பலகை அசையக் கூடாது. உட்கார்ந்து முழங்காலை மாட்டி இடுப்பை ஆட்டினால் படகும் சேர்ந்து ஆட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் இவ்வளவு எடை வரை என்று இருக்கும், உன் எடைக்குச் சரியா என்று கேள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடு, நவம்பரில் இன்னும் சிலர் விற்பார்கள்.

இன்னொன்று, வாங்குமுன் வீட்டு அம்மாவிடம் பேசு. இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம், உன் கட்டட லிஃப்டில் நுழையாது. நாலு மாடி படியில் தூக்கி, பால்கனியில் வெயில் படாத பக்கம் நிறுத்த வேண்டும். தாராவி நண்பருக்கு டெம்போ தெரிந்தவர் இருக்கிறார், சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்.